பயற்றுக்குக் காவல் பச்சிலை

‘பருப்பில்லாமல் கலியாணமா?’ என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. கலியாணத்துக்கு மட்டுமா பருப்பு? இட்டலிக்கு உளுந்து, சாம்பாருக்குத் துவரை, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு, சுண்டலுக்குக் கடலை என்று, தமிழன் எந்த ஊரில் குடியேறினாலும் அவனோடு கூடவே குடியேறுவது பருப்பு டப்பா. புலால் உண்ணாதார்க்கும், உண்ண விரும்பியும் வாங்க வசதியில்லாதார்க்கும் புரதச் சத்தைத் தருவது அதுவே. உலகில் பயறு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் நாடும், மிகுதியாக உண்ணும் நாடும் இந்தியாதான். 2016-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை ‘பயறுகள் ஆண்டு’ என்று அறிவித்துச் சிறப்பித்ததை நண்பர்கள் அறிந்திருக்கலாம்.

அத்தகைய செல்வத்தில் ஒரு பகுதி நம் வாய்க்கு வந்து சேர்வதேயில்லை. லூதியானாவிலுள்ள அறுவடைப்பின் பொறியியல் தொழில்நுட்ப நிலையம் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, பயறு வகைகளில் நூற்றுக்கு 6.36 முதல் 8.41 பங்கு வரை அறுவடையின்போதும் அதற்குப் பின்னரும் வீணாகிறது. சிந்துவது, உடைவது, எலி தின்பது எல்லாம் இதில் அடக்கம். ஆயினும் சேமித்து வைத்த பயற்றைப் பொறுத்தவரை முதற் பகைவன் ஒரு சின்னஞ்சிறு வண்டு. அந்த வண்டையும், அதைத் தடுக்கத் தாவரங்கள் எவ்வாறு உதவுகின்றன என்பதையும் பற்றிச் சில செய்திகளை இம்மலரில் எழுத விழைகின்றேன். பூச்சியியலில் முதுகலை பயிலும் மாணவன் என்ற முறையில் இஃது என் பாடம். தஞ்சைத் தரணியில் நெல் தரிசில் உளுந்து விதைக்கும் குடும்பத்தில் தோன்றியவன் என்ற முறையில் இஃது என் வீட்டுக் கதையுமாகும்.

பகைவன் யார்?

பயறு வண்டு என்று நாம் பொதுவாகக் கூறுவது ஒன்றல்ல. நெருங்கிய உறவினரான பல இனங்கள். அவற்றுள் இந்தியாவில் பெரிதும் காணப்படுவன இரண்டு. ஒன்று காலோசோபுருக்கஸ் சைனன்சிஸ். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. மற்றொன்று காலோசோபுருக்கஸ் மாக்குலேட்டஸ். பழுப்பு நிறம், அரிசி மணியிலும் சிறிய உடல், பின்புறம் வெட்டிவிட்டாற்போன்ற சிறகுகள்: இவைதாம் அடையாளம்.

இதன் வாழ்க்கை வரலாறு வியப்பானது. பெண் வண்டு பயற்று மணியின் வழவழப்பான தோலின்மேல் முட்டையை ஒட்டவைக்கிறது. பயற்றின்மேல் வெள்ளைப் புள்ளியாக நாம் காண்பது அம்முட்டையே. முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலை நீட்டுவதில்லை. முட்டையின் அடிப்புறத்தைக் குடைந்து, அப்படியே பயற்றின் தோலையும் துளைத்து, நேரே உள்ளே போய்விடுகிறது. உள்ளிருந்தபடியே பருப்பைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, மெல்லிய தோலை மட்டும் சாளரம்போல் விட்டுவைக்கிறது. வெயிற்காலத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அச்சாளரத்தைத் திறந்துகொண்டு புதிய வண்டு வெளிவருகிறது. அதுவரை வெளிப்பார்வைக்குப் பயறு முழுமையாகத்தான் தோன்றும். உட்புறமோ உளுத்துப்போய்க் கிடக்கும்.

இன்னொரு செய்தி: சேமிப்பிடத்தில்தான் வண்டு தோன்றுகிறது என்பதில்லை. வயலில் நெற்றாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். அறுவடையான மூட்டையோடு அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. ‘காற்றுப்புகாத டப்பாவில்தானே போட்டு வைத்தோம், வண்டு எங்கிருந்து வந்தது?’ என்று விடுதி அறைகளில் கேட்கப்படும் கேள்விக்கு விடை இதுவே.

வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. உணவின்றியே ஏறத்தாழ பத்து நாட்கள் உயிர் வாழும். அந்த நாட்களில் அதன் வேலை ஒன்றே: கூடுவதும் முட்டையிடுவதும். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வரும் விளக்கம் அனைத்தும் இதைப் பற்றியே சுழல்கிறது.

ஓர் ஏட்டுக் கணக்கு

ஒரு பெண் வண்டு 80 முட்டைகள் இடுவதாகவும், அவற்றுள் பாதியாகிய 40 மட்டுமே பிழைத்து வண்டாவதாகவும் கொள்வோம். அந்த நாற்பதில் 20 பெண்கள். மாதத்துக்கு ஒரு தலைமுறை. முதல் மாத முடிவில் 40 வண்டுகள். இரண்டாம் மாதம் 800. மூன்றாம் மாதம் 16,000. மூன்று மாதத்தில் ஆகமொத்தம் 16,840 வண்டுகள். ஒரு பச்சைப் பயற்று மணிக்கு ஒரு வண்டு என்று வைத்தால், அத்தனை மணிகள் உளுத்துப் போயின. ஒரு கிலோ பச்சைப் பயற்றில் இருப்பன சுமார் 25,000 மணிகள். ஒரே ஒரு தாய் வண்டிலிருந்து மூன்றே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று!

இயற்கையில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இடநெருக்கடி உண்டு, ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. ஆயினும் முதல் மாதம் கண்ணுக்குத் தெரியாதது மூன்றாம் மாதம் மூட்டையையே ஏன் ஆட்டிவைக்கிறது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இதனால் நட்டப்படுபவர் யார்? பெருவணிகர் கிடங்கில் மருந்துப்புகை போட வல்லுநரை அமர்த்திக் கொள்வார். சிறு உழவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எங்கள் பாட்டனார் சித்திரையில் உளுந்து ஒப்படியானதும், களத்து விலை எதுவோ அதற்கே தள்ளிவிடுவார். ‘நாலு மாதம் வைத்திருந்தால் நல்ல விலை வருமே, தாத்தா?’ என்று கேட்டால், ‘நாலு மாதம் வைத்தால் உளுந்து இருக்காதடா, வண்டுதான் இருக்கும்’ என்பார். விலை ஏறிய மாதத்தில் விதைக்கென்று அதே உளுந்தை அவரே கடையில் வாங்கியதும் உண்டு. ஆக, வண்டு தின்பது பயற்றை மட்டுமன்று. காத்திருந்து விற்கும் உரிமையையும் சேர்த்துத்தான் தின்கிறது. பிழைப்புத் தேடி என் தந்தையார் தில்லி வந்ததற்கு வண்டு காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் களத்து மேட்டிலேயே விற்றாக வேண்டிய நிலை பல காரணங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

முன்னோர் கண்ட வழிகள்

நம் மக்கள் இப்பகைவனை அறியாதவர் அல்லர். குலுக்கையிலும் குதிரிலும் அடுக்குப்பானையிலும் தானியம் வைத்த காலத்தில், அவர்கள் கையாண்ட முறைகள் பல.

துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பர். பயற்றோடு அடுப்புச் சாம்பலையோ நுண்மணலையோ கலப்பர். வேப்பிலையையும் நொச்சி இலையையும் நிழலில் உலர்த்தி அடுக்கடுக்காக இடுவர். வசம்பைத் தட்டிப் போடுவர். காய்ந்த மிளகாய் நாலைப் பருப்பு டப்பாவில் போட்டு வைப்பது இன்றும் நம் அன்னைமார் வழக்கம். விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுத் துவரம்பருப்பின்மேல் பூசி வைப்பதும் உண்டு. இது நமக்கே உரிய முறை என்று எண்ணவேண்டா. குசராத்தியரும் துவரம்பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் பூசுவர். தில்லிக் கடைகளிலேயே எண்ணெய்ப் பருப்பு, எண்ணெயிடாத பருப்பு என இருவகையும் வைத்திருப்பதைக் காணலாம். நெடுந்தொலைவிலுள்ள இரு நாட்டாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர் என்றால் அதில் ஏதோ பொருள் இருக்க வேண்டும் அன்றோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உருண்ட முழுமணியில் முட்டையிட விரும்பும் வண்டு, தோல் நீக்கி உடைத்த பருப்பில் அவ்வளவாக இடுவதில்லை. முழுப் பயறாக வைக்காமல் உடைத்து வைத்ததும் ஒரு காப்பு முறையே.

மரபு சொல்வதால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. மரபு சொல்வதால் மட்டும் பொய்யாகியும் விடாது. சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானத்தின் வேலை.

வேம்பின் பெருமை, வேம்பின் எல்லை

தாவரக் காப்புகளில் முதலிடம் வேம்புக்கு உரியது. இவ்வாராய்ச்சியின் தொட்டில்களுள் ஒன்று நாம் வாழும் தில்லியிலேயே இருக்கிறது. பீகார் மாநிலத்துப் பூசா என்னும் ஊரில் 1905-இல் தோன்றி, 1934-ஆம் ஆண்டின் பூகம்பத்துக்குப் பின் 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அங்குப் பணியாற்றிய பிரதான், ஜோத்வானி, ராய் ஆகியோர், வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கலந்து தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடுவதில்லை என்று 1962-இல் எழுதினர். பின்னர் ஜோத்வானியும் சர்க்காரும், வேப்பம்பருப்புத் தூளை 100 பங்கு விதைக்கு 1 அல்லது 2 பங்கு கலந்து வைத்தால் பயறு வண்டிலிருந்து பல மாதங்கள் காக்கலாம் என்று 1967-இல் வெளியிட்டனர்.

வேம்பின் முதன்மைப் பொருளான அசாடிராக்டினை 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் அணு அமைப்பு 1985-இல்தான் திருத்தமாகத் தெளிவாயிற்று. சோதனைச்சாலையில் அதைச் செயற்கையாகக் கட்டி முடித்தது 2007-இல். நம் தெருமுனை மரம் ஓசையின்றிச் செய்யும் வேலையைச் செய்து முடிக்க, விஞ்ஞானிகளுக்கு நாற்பதாண்டு பிடித்தது!

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அசாடிராக்டினின் பெருமை, பூச்சியைத் தின்னவிடாமல் தடுப்பதும், புழு தோலுரித்து வளர்வதைக் குலைப்பதும் ஆகும். வெட்டுக்கிளிக்கு அது சரி. பயறு வண்டுதான் தின்பதேயில்லையே! அதன் புழுவோ வெளியில் வராமலே உள்ளே நுழைந்துவிடுகிறதே! அவ்வாறாயின் வேம்பு இதை எப்படித் தடுக்கிறது?

விடை, வண்டின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பயற்றுக்கு வெளியே நாம் தாக்கக்கூடிய வாயில்கள் மூன்றே. தாய் வண்டு முட்டையிட வந்து அமரும் வேளை ஒன்று. முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் சில நாட்கள் மற்றொன்று. புழு தோலைக் கடித்து உள்ளே புகும் நொடி மூன்றாவது. இவற்றைத் தாண்டிவிட்டால், பயற்றின் மேற்பூச்சு எதுவும் புழுவை எட்டாது.

எண்ணெய் இரண்டாம் வாயிலில் வெல்கிறது. முட்டை உயிருள்ளது, மூச்சு விடுவது. எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சு வழியை அடைத்துவிடுவதால் கரு இறக்கிறது. எண்ணெய் தடவிய தோலில் முட்டை சரிவர ஒட்டுவதும் இல்லை. இதனாற்றான் வேப்பெண்ணெய் மட்டுமன்றி, நச்சே இல்லாத கடலெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும்கூடப் பயற்றைக் காக்கின்றன. ஒரு கிலோ பயற்றுக்குச் சுமார் 5 மில்லி எண்ணெய் போதுமானது. ஆனால் மணிதோறும் அது பரவவேண்டும். வேப்பெண்ணெயில் இந்த அடைப்போடு கசப்பும் நெடியும் நச்சும் சேர்ந்து முதல் வாயிலிலும் மூன்றாம் வாயிலிலும் ஓரளவு காவல் செய்கின்றன.

உலர்ந்த இலைகள் பெரும்பாலும் முதல் வாயிற் காவலர். நெடியால் வண்டைத் தயங்க வைப்பன. கிராம்பு, யூகலிப்டஸ், துளசி முதலியவற்றின் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் பூச்சியின் மூச்சுக்குழாய் வழியே புகுவன. மூடிய கலத்தில் அவை வலியவை. மூடி திறந்தால் வலி போய்விடும். சாம்பலும் மணலும் மண்ணும் இடைவெளிகளை அடைத்து வண்டின் நடமாட்டத்தைத் தடுப்பன. அதன் மேற்றோலைத் தேய்த்து உடல் ஈரத்தை வற்ற வைப்பன.

மரபு, ‘நிழலில் உலர்த்து’ என்றதற்கும் காரணம் உண்டு. அசாடிராக்டின் வெயில் பட்டால் சிதையும். வாசனை எண்ணெயோ வெப்பத்தில் பறந்துவிடும்.

சாறெடுத்துச் சோதிக்கும் முறை

அறிவியல் துறை சாராத நண்பர்களும் அறியட்டும் என்று சோதனை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையையோ விதையையோ நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, சாக்சுலெட் கருவியில் இடுகிறோம். 1879-இல் பிரான்சு பான் சாக்சுலெட் அமைத்த கண்ணாடிக் கருவி அது. எக்சேனோ மெத்தனாலோ கொதித்து ஆவியாகி, குளிர்ந்து, தூளின்மேல் மீண்டும் மீண்டும் வடிந்து, அதிலுள்ள சத்தைக் கரைத்துக் கொண்டு வருகிறது. கரைப்பானை ஓட்டிவிட்டால் குடுவையடியில் தேன்போல் தங்குவதே சாறு. அதை அளந்து, அசிட்டோனில் கரைத்துப் பயற்றில் புரட்டி, அசிட்டோன் முழுதும் ஆறிய பிறகு, புதிதாக வெளிவந்த வண்டுகளைச் சோடி சோடியாக விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வைக்கிறோம். பிறகு எண்ணிக்கைதான்: எத்தனை முட்டை, எத்தனை துளை, எடை எவ்வளவு குறைந்தது, எத்தனை மணி முளைத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் முட்டைகளை எண்ணி எண்ணி, இரவில் கண்ணை மூடினாலும் வெண்புள்ளிகளே தெரியும் என்பது எங்கள் துறையின் நகைச்சுவை.

இதில் உயிர்நாடி, மருந்திடாத புட்டிகளே. ஒரு புட்டி சாறிட்டது. ஒன்று அசிட்டோன் மட்டும் இட்டது. ஒன்று எதுவும் இடாதது. இந்த மூன்றும், ஒவ்வொன்றும் பல படிகளாக, அருகருகே இருக்க வேண்டும். ஏன்? பயறு வண்டு தானாகவே ஏறத்தாழ பத்து நாளில் சாகிறது என்று முன்பே சொன்னேன். இலையைப் போட்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்து, ‘வண்டெல்லாம் செத்துக் கிடக்கிறது, இலை கொன்றுவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், இலையிடாத புட்டியிலும் அவ்வாறே செத்துக் கிடக்கும்! சாவைக் கண்டு இலையை மெச்சுவதற்கில்லை. அடுத்த மாதம் பயற்றில் துளை விழுந்ததா என்பதே கேள்வி.

சாவைக் கணக்கிடும்போது அபட் என்னும் அமெரிக்கர் 1925-இல் தந்த வாய்பாட்டைக் கையாள்கிறோம். சாறிட்ட புட்டியில் நூற்றுக்கு 60 வண்டுகள் செத்தன. இடாததில் 20 செத்தன என்க. 60-இல் 20-ஐக் கழிக்க 40. இயல்பாகப் பிழைத்திருக்கக் கூடியவை 80. ஆகவே சாற்றின் உண்மையான வலிமை 80-க்கு 40, அதாவது நூற்றுக்கு 50 மட்டுமே. அறுபதல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாறிட்ட பயற்றையும் இடாததையும் ஒரே கலத்தில் வைத்தால், வண்டு நல்லதை நாடிப் போய்விடும். சாறு பெரிதும் வென்றதாகத் தோன்றும். குதிருக்குள்ளோ வண்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேறு வழியில்லாத இடத்திலும் முட்டையிடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே உழவருக்குப் பயன்படும் சோதனை.

பாதி வெற்றியின் மதிப்பு

நூற்றுக்கு 50 என்றால் பயனற்றதா? முன்னைக் கணக்குக்குத் திரும்புவோம். பிழைக்கும் 40-ஐ இலை 20 ஆக்கிற்று என்க. பெண்கள் 10. முதல் மாதம் 20 வண்டுகள், இரண்டாம் மாதம் 200, மூன்றாம் மாதம் 2,000, ஆகமொத்தம் 2,220. முன்பு 16,840! ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி குறைவது, மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஒன்றாகிறது. ஆனால் நான்காம் மாதமோ 20,000 வண்டுகள் வந்துவிடும். அதாவது பாதி வலிமையுள்ள இலை வண்டை ஒழிப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத் தவணை வாங்கித் தருகிறது.

நன்கு பூசிய எண்ணெய் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்ததென்றால்? பிழைப்பவை 4, பெண்கள் 2. மாதந்தோறும் 4, 8, 16, 32, 64, 128. ஆறு மாதத்திலும் மொத்தம் 252 மணிகளே சேதம். கிலோவுக்கு நூற்றில் ஒரு பங்கு. எங்கள் பாட்டனாருக்கு வேண்டியிருந்த நான்கு மாதம் இதற்குள் அடங்கிவிடுகிறது. பாதிக்கும் பத்தில் ஒன்பதுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பதற்கே எம்போன்றோர் சோதனைச்சாலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இயற்கை எனில் தீங்கில்லையா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாவிட்டால் நான் கற்ற கல்விக்கு மாசு. ‘செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது’ என்று பலர் பேசுகின்றனர். இது பிழை. பூச்சியைக் கொல்லும் ஒன்று, மனிதனுக்கு எதுவும் செய்யாது என்று யார் உறுதி தந்தார்?

வசம்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற மருந்து. அதிலுள்ள அசரோன் பூச்சியின் கருப்பையை மலடாக்குகிறது என்று ஜம்மு ஆராய்ச்சியாளர் 1977-இல் கண்டனர். பூச்சிக் காப்புக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? ஆனால் இந்திய வசம்பெண்ணெயை உண்ட எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் தோன்றியதால், அமெரிக்க அரசு 1968-இலேயே வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்துவிட்டது. விதைக்கென வைக்கும் பயற்றில் வசம்பு இடுவது ஒன்று. உண்ணும் பருப்பில் இடுவது வேறொன்று.

சீத்தாப்பழ விதைத்தூள் வலிய பூச்சிகொல்லி. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டியதால் நேர்ந்த கொடிய விளைவுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சரியாக உலராத வேப்பங்கொட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அதிலும் நஞ்சு உண்டாகும்.

அதற்காக மறுபக்கம் நலமானதென்று நான் சொல்லவில்லை. சில வீடுகளில் பருப்போடு போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் இருக்கிறது, அது உண்ணத்தக்கதன்று. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அதனினும் கொடிது. ஈரக்காற்றுப் பட்டதும் அது வெளிவிடும் பாஸ்பீன் வாயு பூச்சியையும் கொல்லும், பக்கத்து அறையில் உறங்குபவரையும் கொல்லும். வல்லுநர் மேற்பார்வையின்றி அதைப் பயன்படுத்தச் சட்டம் இடந்தருவதில்லை. இருந்தும் வடநாட்டு மருத்துவமனைகளில் இந்நஞ்சால் வந்து சேர்வோர் பலர். வீட்டுக்குள் அம்மாத்திரை நுழையாதிருக்க வேண்டுமானால், அதனிடத்தில் வேறொன்றை நாம் தர வேண்டும். தாவரக் காப்பு ஆராய்ச்சியின் உண்மையான நோக்கம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கடைக்கு ஏன் வரவில்லை?

இத்தனை ஆராய்ச்சி நடந்தும் பயற்றுக்கான பச்சிலை மருந்து கடைகளில் மலியவில்லையே என்று கேட்பீர்கள். காரணங்கள் சில. ஒரு மரத்தின் விதையில் உள்ள சத்து அடுத்த மரத்தில் இருப்பதில்லை. மண், மழை, பறித்த காலம் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்தின்படி விற்பனைக்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு ஒரே சீரான தரம் வேண்டும். மேலும் கசப்பும் நெடியும் பருப்பில் ஏறினால் வாங்குவார் இல்லை. எங்கள் துறையில் சாறு வெற்றி பெற்ற பிறகும், ‘இதைக் கழுவி வேகவைத்தால் மணம் போகுமா?’ என்று ஒரு வீட்டம்மை கேட்கும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியே கடைசிப் பரீட்சை.

தாவரத்தோடு கைகோக்கத் தக்க பிற முறைகளும் உண்டு. ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டுக் காராமணிக்காக 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக மூன்றடுக்குப் பைகள் வந்தன. இறுகக் கட்டிய பைக்குள் பூச்சியே பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு மாள்கிறது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பயறு வண்டுக்கென்றே பொறிகள் அமைத்துள்ளனர். உண்ணும் பயற்றுக்கு இத்தகைய மருந்தில்லா முறையும், விதைப் பயற்றுக்கு வேம்பும் என்று பிரித்துக் கொள்வது அறிவுடைமை.

விடுதித் தோழர்க்குச் சில குறிப்புகள்

ஊரிலிருந்து வரும் பயற்றைப் பெற்றவுடன் முறத்தில் பரப்பிப் பாருங்கள். வெண்புள்ளி இருந்தால் முட்டை என்று அறிக. வைப்பதற்கு முன் நல்ல வெயிலில் காயவையுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் உள்ளிருக்கும் புழுவும் மாளும். உண்ணும் பயறாயின் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையலெண்ணெயோ விளக்கெண்ணெயோ மணிதோறும் படப் புரட்டி வைக்கலாம். சமைக்குமுன் கழுவிக் கொள்க. வேப்பெண்ணெய், வசம்பு, சீத்தா விதை ஆகியவற்றை உண்ணும் பயற்றில் சேர்க்க வேண்டா. விதைக்கு வைப்பதாயின் வேப்பெண்ணெய் தகும். அளவு மிஞ்சினால் முளைப்புக் குன்றும்.

ஒரு வேண்டுகோள்

1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கும் அந்நாட்டு வேளாண்மைத் துறைக்கும் சேர்த்துக் காப்புரிமை வழங்கியது. இம்முறை இந்தியாவில் முன்பே வழக்கில் உள்ளது என்று எதிர்த்தோர் வழக்காடினர். 2000-இல் அது நீக்கப்பட்டது; மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பட்டது. வென்றோம், உண்மை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரிந்ததென்று நாட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. எழுதி வைக்காத அறிவு எத்துணை மெலிந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆகவே தோழர்களே, தோழியரே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வாருங்கள். எந்தப் பயற்றுக்கு எந்தச் செடி? இலையா, விதையா, வேரா? எவ்வளவு பயற்றுக்கு எவ்வளவு? எத்தனை மாதம் தாங்கியது? உண்பதற்கு வைத்ததா, விதைக்கு வைத்ததா? நெல்லையில் ஒன்று சொல்வார்கள். கொங்கு நாட்டில் வேறொன்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்து உறவினர் இருப்பின் அவர்களிடமும் கேளுங்கள். சங்கத்தின் குறிப்பேட்டில் அவற்றைப் பதிந்து வைப்போம். அவற்றுள் எது மெய், எது வெறும் நம்பிக்கை என்று, இலையிட்ட புட்டியையும் இடாத புட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுப்பை நானும் என் துறை நண்பர்களும் ஏற்கிறோம். பட்டியலில் பத்துச் செடி பொய்த்துப் போனாலும் குற்றமில்லை. ஒன்று நிலைத்தாலும், அறுவடை நாளன்றே விற்றாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து எங்கோ ஓர் உழவருக்கு நான்கு மாதம் விடுதலை கிட்டும்.